இழுத்தால் ஏறும்

மாமனாரின் கைப்பேசியில் மறுபடியும் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு பேருந்து ஏறி வந்துவிடுவார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கைப்பேசி என் பக்கம் நீளும். "ஃபுல்லுன்னு சொல்லுது மாப்ளே. நான் ஒண்ணுமே வைக்கலியே." ஒன்றுமே வைக்காத அந்தக் கைப்பேசியில் காலை வணக்கம் சொல்லும் ரோஜாக்கள் இருக்கும். எலுமிச்சையால் எல்லா நோயையும் குணப்படுத்துகிறவர்கள் இருப்பார்கள். எந்த நாடு எந்த நாட்டைக் கணினிச் சிப் கொடுக்காமலே சாகடிக்கப்போகிறது என்று கத்தும் காணொளிகள் இருக்கும். பின்னணியில் போர் முரசு வேறு. எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிப்பேன். ஒரே ஒரு கோப்புறையை மட்டும் தொடமாட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த ஞாயிறு ரோஜாக்கள் திரும்பி வந்திருக்கும்.

அழித்து முடிக்கும்வரை அவர் உலக நடப்பைச் சொல்வார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கேபினில் தனியாக உட்கார்ந்து பேசாமல் இருந்த வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து இப்போது பேசுகிறார். "இனிமே கிரேனெல்லாம் தானா ஓடுமாம் மாப்ளே. ஒருத்தன் ஏசி ரூம்ல டீ குடிச்சுக்கிட்டே பாத்துக்குவானாம். என்கிட்ட வந்து கேக்கட்டும். ஒரு கண்டெய்னர முட்டை மாதிரி எறக்கி வைப்பேன். கம்ப்யூட்டர் வைக்குமா?" வைக்கும். வைத்துக்கொண்டும் இருக்கிறது. சொன்னால் இன்னும் அரை மணி நேரம் பேசுவார் என்பதால் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் ஒரு அமைச்சர், இனி ஒவ்வொரு குழந்தையும் செயற்கை நுண்ணறிவு படிக்கும் என்றார். அவருடைய ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. பின்னால் நின்ற ஒருவர் அதைத் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் செய்தியில் எனக்கு நம்பிக்கை தந்தவர் அதைத் தட்டியவர் மட்டும்தான்.

செய்தியை மாற்றுவதற்காக வீடியோ விளையாட்டுப் பெட்டியை இயக்கினேன். திரையில் ஓர் அறிவிப்பு காத்திருந்தது. மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம் என்று ஆரம்பித்தது. ஒரு நிறுவனம் மகிழ்ச்சியுடன் ஆரம்பித்தால் எதையோ பிடுங்கப்போகிறது என்று பொருள். அடுத்த ஞாயிறு மாலை ஆட்டம் புதிய பதிப்புக்கு மாறுகிறது. முடித்த அத்தியாயங்கள் அப்படியே இருக்கும். முடிக்காத அத்தியாயங்களின் சுவர்கள் "புத்துணர்வான தொடக்கத்துக்காக" துடைக்கப்படும்.

"என்ன மாப்ளே அது?"

"ஒண்ணுமில்ல மாமா. விளம்பரம்."

ஆட்டம் எளிமையானது. ஒரு பாழடைந்த கோபுரம். இருவர் சேர்ந்து உச்சிக்குப் போகவேண்டும். ஒருவர் கோபுரத்தின் பக்கவாட்டில் சங்கிலியில் தொங்கும் கூடையில் உட்கார்ந்து, நீளக் கழியின் நுனியில் விளக்கைப் பிடிப்பார். மற்றவர் ஏறுவார். வெளிச்சம் படுகிற இடத்தில் மட்டும்தான் படி இருக்கும். வெளிச்சம் நகர்ந்தால் படியும் இல்லை, ஏறுகிறவனும் இல்லை. நடுநடுவே நின்று மூச்சுவாங்கக் கல் திட்டுகள் உண்டு, அவை மறையாது. திட்டில் சும்மா நிற்கவைத்தால், ஏறுகிறவன் ஒரு காலைத் தூக்குவான், இறக்குவான், மறுபடி தூக்குவான். பொறுமையில்லாதவன். அவன்தான் நான். விளக்கு அவள், என் மனைவி.

விளக்குப் பிடிப்பவருக்கு ஒரு சாக்கட்டியும் உண்டு, சுவரில் குறி போட. வழி காட்டத்தான் கொடுத்திருக்கிறார்கள். அவள் அம்புக்குறியும் போட்டாள்தான். ஆனால் அதைவிட, நான் விழுந்த இடங்களைக் குறித்துவைப்பதில்தான் அக்கறை. "எருமை இங்கே விழுந்தது." கொஞ்சம் மேலே, "எருமை மறுபடியும்." அதற்கு மேலே மூக்கு மட்டும் பெரிதாக ஒரு முகம். வேண்டுமென்றே விளக்கைத் திருப்பியும் என்னை விழவைப்பாள். பாதிப் படியில் நிற்கும்போது வெளிச்சம் மெல்ல விலகும். "நேத்து பாத்திரம் யாரு கழுவணும்?" என்பாள். நான்தான் என்று ஒப்புக்கொண்டால் திரும்பி வரும். ஒரு நாள் ஐந்தாம் அத்தியாயம் முடியக் கொஞ்சம் இருக்கும்போது கொட்டாவி விட்டு, "மீதி நாளைக்கு" என்று கண்ட்ரோலரை வைத்தாள். மறுநாள் அலுவலகத்தில் கூட்டத்தின் நடுவே தலை வலிக்கிறது என்றாளாம். மூளையில் ஒரு நாளம் வெடித்துவிட்டது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவரிடமும் இருக்கவில்லை.

இப்போது யாராவது கேட்பார்கள், சேமித்து வைத்துக்கொள்ளவேண்டியதுதானே என்று. நான் எல்லாவற்றையும் சேமிக்கிறவன். படுக்கையறை அலமாரியில் ஒரு சர்வர் ஓடுகிறது. எங்கள் மின்கட்டண ரசீதுக்குக்கூட மூன்று பிரதிகள் உண்டு, அதில் ஒன்று வேறு ஊரில். ஒத்திசைவு வேறு, காப்புப்பிரதி வேறு என்று அலுவலகத்தில் தேநீர் இடைவேளையில் பாடம் எடுத்து ஆட்களை விரட்டியவன். ஆனால் இந்த ஆட்டம் என் வீட்டில் இல்லை. ஒரே சோபாவில் ஒட்டி உட்கார்ந்து இருவர் ஆடும் ஆட்டத்தை, எங்கோ ஒரு கிடங்கில் ஆற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நிற்கும் கணினியில் வைத்திருக்கிறார்கள். வாங்கு என்று பொத்தானில் எழுதியிருந்தது. வாங்கினேன். வாங்கியது எதை என்று நிபந்தனைகளின் அடியில் சாம்பல் நிறத்தில் எழுதியிருக்கும். சுவரைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். படத்தில் வெளிச்சம் நகராது.

நிறுவனத்துக்கு எழுதினேன். இயந்திர உதவியாளர் உடனே பதில் சொன்னது. "உங்கள் உணர்வை என்னால் முழுமையாகப் புரிந்துகொள்ள முடிகிறது." துக்கம் விசாரிக்க வந்தவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். இது அவர்களைவிட வேகம். காபி கேட்கவில்லை.

ஆகவே ஐந்தாம் அத்தியாயத்தை முடிக்கவேண்டும். அத்தியாயத்தின் நடுவில் எதுவும் சேமிப்பில் நிற்காது, கிறுக்கலைத் தவிர. ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து ஏறவேண்டும். விளக்குப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அங்கேதான் சிக்கல். அவளுடைய விளக்கு தலைகீழ். கண்ட்ரோலரில் கட்டைவிரலால் அசைக்கும் ஸ்டிக்கை மேலே தள்ளினால் விளக்கு கீழே இறங்கும், தன் பக்கம் இழுத்தால் மேலே ஏறும். அமைப்புகளில் அப்படி வைத்திருந்தாள். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படி ஆடுவதில்லை. ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறேன். "அப்படித்தான் வருது" என்பாள். ஒருமுறை சொல்லாமல் நேராக மாற்றிவைத்தேன். அன்று கோபுரத்தில் என்னைவிட அவள் வெளிச்சம்தான் அதிகம் தடுமாறியது. கண்டுபிடித்த பிறகு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாக்கட்டியால் மட்டும் பேசினாள்.

தலைகீழாக ஆடத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று எங்கள் கணினிக் குழுவில் கேட்டேன். கிராபிக்ஸ் கார்டின் விலை ஏறினால் நாடே மூழ்கியதுபோல் துடிக்கும் குழு. நாடு மூழ்கினால் மின்தடை எத்தனை மணி நேரம் என்று கேட்கும். பதில்கள் வந்தன. அப்படி ஆடுகிறவர்களை மனநல மருத்துவமனையில் தேடவும் என்றது ஒன்று. அதற்கு நிறையச் சிரிப்புகள். போன வருஷம் என்றால் அதை நானே எழுதியிருப்பேன், இன்னும் நன்றாக.

சனிக்கிழமை பெஞ்ச்மார்க் வந்தான், அது நாங்கள் வைத்த பெயர். கல்லூரி நண்பன். எந்த ஆட்டம் வாங்கினாலும் கணினி அதை எவ்வளவு வேகமாக ஓட்டுகிறது என்று அளந்துவிட்டு மூடிவிடுவான். ஆடியதே இல்லை. தோசை சுட்டு, அதன் விட்டத்தை அளந்து, குப்பையில் போடுகிற மாதிரி. அவளுடைய கண்ட்ரோலரைக் கொடுத்தேன். முதல் படியிலேயே வெளிச்சம் தரைக்குப் போனது. நான் விழுந்தேன்.

"டேய், தலைகீழா இருக்குடா. எவன்டா இப்படி ஆடுவான்?"

அவனுக்கே புரிந்தது. கண்ட்ரோலரில் அவள் சுற்றியிருந்த பச்சை டேப்பைப் பார்த்தான்.

"சாரிடா." கொஞ்சம் பொறுத்து, "இரு, செட்டிங்க்ஸ்ல மாத்திக்கிறேன். முடிஞ்சதும் பழையபடி வச்சுடலாம். ரெண்டு செகண்டு வேலை" என்றான்.

"வேணாம்."

"ஏன்டா?"

"வேணாம்னா வேணாம்."

"லாஜிக்கே இல்லடா."

இல்லைதான். ரசீதுக்கு மூன்று பிரதி வைப்பவன் ஒரு அமைப்பை மாற்றித் திரும்ப வைக்கப் பயப்படுகிறான். சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அவன் அன்று பிற்பகல் முழுக்க முயன்றான். இரண்டாம் திட்டைத் தாண்டவில்லை. கடைசியில் தொலைக்காட்சியின் நிறத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனான். அது முன்பைவிட மோசமாக இருந்தது.

ஞாயிறு மாமனார் வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கண்ட்ரோலர் கையில். பச்சை டேப் சுற்றியது பாதத்தின் கீழே. கால் கட்டைவிரலால் விளக்கைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"என்ன மாப்ளே, சர்க்கஸா?"

கைப்பேசிக்காகக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது பாப்பாவோடதுல்ல?"

அப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் அதையும் பையில் போட்டுக்கொண்டு போவாள். டேப் அவருடைய கருவிப்பெட்டியிலிருந்து எடுத்தது என்று சொல்லியிருக்கிறாள். காலை எடுத்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். கோபுரம், விளக்கு, சாயங்காலம், சுவர். அவள் எழுதியதுபற்றிச் சொல்லவில்லை, கிறுக்கல் என்று மட்டும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். அவரிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. இனி நிறுவனங்களின் அநியாயம்பற்றி ஓர் உரை வரும், நடுவில் எலுமிச்சை வரும் என்று காத்திருந்தேன்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சோபாவில் அவள் உட்காரும் மூலையில் உட்கார்ந்தார். "குடுங்க."

"மாமா, இது கொஞ்சம் கஷ்டம். தலைகீழா வேற வச்சிருக்கா."

"குடுங்க மாப்ளே. என்ன, ஒடைச்சா போடுவேன்?"

கொடுத்தேன். சாயங்காலம்வரை வேறு வேலையும் இல்லை. மனதுக்குள் நான் முதல் படியிலேயே விழுந்துவிட்டிருந்தேன். கண்ட்ரோலரை மடியில் வைத்து, பொத்தான்களைச் சந்தேகமாகப் பார்த்து, ஒரே ஒரு ஸ்டிக்கின்மேல் மட்டும் கட்டைவிரலை வைத்தார். மற்ற எதையும் தொடவில்லை. மெல்ல, தன் பக்கம் இழுத்தார்.

விளக்கு மேலே ஏறியது. முதல் படி தெரிந்தது. இரண்டாவது தெரிந்தது. விரலை ஒரு நூல் தளர்த்தினார். வெளிச்சம் ஆடாமல் அங்கேயே நின்றது.

"எங்க தலைகீழு?" என்றார். "சரியாத்தானே இருக்கு."

"தள்ளினாதான் மேல போகணும் மாமா. எல்லாருக்கும் அப்படித்தான்."

"எந்த ஊர்ல? லீவர இழுத்தா பூம் ஏறும். தள்ளுனா எறங்கும். உலகம் பூரா அப்படித்தான்." பூம் என்பது கிரேனின் நீண்ட கை. அதையும் எனக்கு விளக்கினார், கேட்காமலே. பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சின்னப் புள்ளையில லீவு நாள்ல கேபினுக்கு வருவா. மடில உக்காந்து, என் கை மேல கையை வச்சுக்குவா. தான்தான் ஓட்டுறோம்னு நெனப்பு. சூப்பர்வைசர் பாத்தா என் வேலை போயிருக்கும்" என்றார்.

நான் ஏறுகிறவனை நகர்த்தினேன்.

"சும்மா ஏறாதீங்க. கீழ நிக்கிறவன் கை காட்டணும், அப்பத்தான் மேல இருக்கறவன் நகத்துவான். நீங்க வாயால சொல்லுங்க."

சொன்னேன். வலது. இன்னும் வலது. போதும். மேலே. அவர் ஒவ்வொன்றுக்கும் "ஆஹ்" என்றார். பெஞ்ச்மார்க் தாண்டாத இரண்டாம் திட்டைத் தாண்டினோம். உடனே பெருமை வந்துவிட்டது அவருக்கு. ஏசி அறையில் டீ குடிப்பவனைக் கூப்பிடச் சொன்னார். முட்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். விளக்கு அசைந்தது. நான் விழுந்தேன்.

"நீங்க ஏன் கைப்பிடி புடிக்கல?"

"கைப்பிடியே கிடையாது மாமா."

"என்ன கோபுரம் கட்டுறானுங்க."

அடியிலிருந்து மறுபடி. இந்த முறை பேசவில்லை அவர். மூன்றாம் திட்டுக்கு மேலே வெளிச்சம் சுவரில் ஊர்ந்தபோது சாக்கட்டிக் கோடுகள் வந்தன. முதலில் ஓர் அம்புக்குறி. பிறகு எழுத்து. அவள் எழுத்து சாக்கட்டியிலும் இடது பக்கம் சாய்ந்துதான் இருக்கும். விளக்கு அதன்மேல் நின்றுவிட்டது. மாமனார் உதட்டை அசைத்துப் படித்தார்.

"எருமை இங்கே விழுந்தது." என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாரு எருமை?"

"நான்தான் மாமா."

அவர் தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரிக்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு சிரிப்புதான், சத்தமும் வந்தது. "என்னைய நெட்டக் கொக்குன்னு கூப்புடுவா. அவங்க அம்மா திட்டுவா, அப்பாவைப் போய் இப்படியான்னு." கண்ணாடியின் அடியில் விரலை விட்டுத் துடைத்துக்கொண்டார். ஆனால் மற்ற கை ஸ்டிக்கை விடவில்லை. வெளிச்சம் அசையவில்லை. நான் பாதிப் படியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

எருமை மறுபடியும் என்ற இடத்தைக் கடந்தோம். பெரிய மூக்கைக் கடந்தோம். மூக்கின் அருகில் விளக்கை நிறுத்தி, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "அப்படியே இருக்கு" என்றார். வெளியே வெயில் சாய்ந்து, திரையில் ஜன்னலின் நிழல் விழ ஆரம்பித்திருந்தது. எழுந்து திரைச்சீலையை இழுக்கவேண்டும். எழவில்லை. திரையின் மேல்மூலையில் நிறுவனம் ஒரு சின்ன மணியை வைத்திருந்தது. புதிய பதிப்பு வருகிறது என்று அது மகிழ்ச்சியாக ஆடிக்கொண்டிருந்தது.

கடைசித் திட்டு. அதற்குமேல் ஒரே ஓர் ஏற்றம், பிறகு கதவு. கதவைத் தொட்டால் அத்தியாயம் முடிந்துவிடும். சுவர் தங்கும். திட்டுக்குப் பக்கத்தில் அவளுடைய கடைசிக் கோடு இருந்தது. ஓர் அம்புக்குறியின் உடம்பு மட்டும். தலை போடவில்லை. மீதி நாளைக்கு.

"இதுக்கு மேல பாப்பா ஒண்ணும் போடலியே."

"இல்ல மாமா."

"எந்தப் பக்கம்னு போட்டிருக்கா இது? இப்படியா, அப்படியா?"

"தெரியல."

வெளிச்சத்தைக் கோட்டின் ஒரு நுனியில் வைத்துப் பார்த்தார். மறு நுனிக்குக் கொண்டுபோனார். திரும்பக் கொண்டுவந்தார். ஒரு பெட்டியின் அடியில் கை விட்டுத் தேடுவதுபோல் இருந்தது. பிறகு கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். இரு பக்கமும் துடைத்தார். மாட்டிக்கொண்டார். பச்சை டேப்பின் பிரிந்த ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டினார்.

கட்டைவிரல் தன் பக்கம் வந்தது. விளக்கு கோட்டை விட்டு நகர்ந்தது. கோடு பாதி இருட்டுக்குள் போனது, பிறகு முழுக்கப் போனது. மேலே எதுவும் எழுதாத கல். அதில் ஒரு படி மெல்லத் தெளிந்து வந்தது.

"ஆஹ்," என்றார் மாமனார். "வாங்க."

நீளக் கயிற்றில் தொங்குகிற எதுவும் ஆடுவதுபோல் வெளிச்சம் கொஞ்சமாக ஆடியது. அதன் ஓரத்தில், திட்டின்மேல் என் ஆள் ஒரு காலைத் தூக்கினான். இறக்கினான். மறுபடி தூக்கினான்.